சிறுவர் நாவல்களில் இரட்டையர் – ஒரு சமூகவியல் நோக்கு

கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிக் குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லியின் கதை யாழ்ப்பாணத்தவர் நன்கறிந்ததொன்று. அக்கதையில் முகம் ஊழின் அடையாளம். அதனை மாற்றவல்லது தெய்வ அருளே. இது நிலவுடைமைச் சமுதாயத்தின் உலகநோக்கு. இலவ-குசரும், மகாவம்சம் கூறும் சிங்கபாகு, சிங்கசீவலி ஆகியோரும் இந்நோக்கினுள் அடங்குபவரே. இவ்விரட்டையரின் பிறப்பு அரசமரபின் தொடர்ச்சியை நிறுவப் பயன்படுகிறது. அவர்தம் குழந்தைமை கதைக்கு அத்துணை முக்கியமன்று.

முதலாளித்துவ சமுதாயத்தில் முகிழ்த்த சிறுவர் நாவல் இந்நோக்கைத் தலைகீழாக்கிற்று. இங்கு முகம் ஒன்று, வாழ்வு வேறு. மார்க் துவைனின் 'இளவரசனும் ஏழையும்' (1881) நாவலில், ஒரே நாளிற் பிறந்து ஒரே தோற்றங்கொண்ட இருவர் உடை மாற்றிக்கொள்கின்றனர். அவர்கள் உடன்பிறந்தோரல்லர், எனினும் இரட்டையர் நாவலின் அடிப்படை அங்கே தெளிவுறுகிறது. கந்தையணிந்த இளவரசன் ஏழைகள்மீது சட்டம் இழைக்கும் கொடுமையைத் தானே அனுபவிக்கிறான். ஆயினும் இறுதியில் முடி உரியவனிடமே மீள்கிறது. நல்ல மன்னன் கிடைக்கிறான், மன்னராட்சி மாறவில்லை.

இவ்வகையில் முக்கியமானது, ஜேர்மனிய எழுத்தாளர் எறிக் கெஸ்ற்னர் 1949இல் வெளியிட்ட 'இரட்டை லொற்றே' எனும் நாவலாகும். 1933இல் நாசிகளால் எரிக்கப்பட்ட நூல்களுள் இவருடையனவும் அடங்கும். பெற்றோரின் மணமுறிவாற் பிரிக்கப்பட்ட லொற்றே மியூனிக்கில் தாயுடனும், லூயிசே வியன்னாவில் தந்தையுடனும் வளர்கின்றனர். விடுமுறை விடுதியொன்றிற் சந்தித்து இடம் மாறிக்கொள்கின்றனர். பத்திரிகை அலுவலகத்தில் உழைக்கும் தாய்க்காகச் சமைத்து வீட்டைப் பராமரிப்பவள் லொற்றே. இசைக்கலைஞரான தந்தையின் வீட்டில் பணிப்பெண்ணின் பராமரிப்பில் வளர்ந்த லூயிசேக்கு அடுப்படி அந்நியமானது. ஒருத்தியின் பொறுப்பும் மற்றவளின் துடுக்கும் பிறவிக்குணங்களல்ல, உழைப்பு பங்கிடப்பட்ட முறையின் விளைவுகளே என்பதை இவ்விடமாற்றம் புலப்படுத்துகிறது. மணமுறிவைச் சிறுவர்க்குரிய பொருளாக்கியமை துணிச்சலான செயலே. எனினும் பெற்றோரின் மறுமணத்தோடு முரண்பாடு முடித்துவைக்கப்படுகிறது.

இக்கதை டிஸ்னி நிறுவனத்தின் 1961ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வழியாகத் தமிழை அடைந்தது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் ஏவிஎம் நிறுவனம் 1965இல் 'குழந்தையும் தெய்வமும்' படத்தை வெளியிட்டது; குட்டி பத்மினி இரட்டையராக நடித்தார். இங்கு வர்க்க வேறுபாடு வெளிப்படையாகவே முன்வைக்கப்படுகிறது. ஆனால் அது செல்வந்த மாமியாரின் செருக்காகச் சுருக்கப்படுகிறது. தலைப்பே சுட்டுமாப்போல், தீர்வைத் தெய்வத்திடம் ஒப்படைப்பதும் நோக்கத்தக்கது. மனிதர் உண்டாக்கிய பிரிவு ஒருவரது குணக்கேடாகவும், அதன் நீக்கம் அருளாகவும் காட்டப்படுகின்றன.

இவ்வடிவம் எமக்கு அந்நியமானதன்று. 1990இல் கீரிமலை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். அதன்பின், ஒருவயிற்றிற் பிறந்தோருள் ஒருவர் நலன்புரி முகாமிலும் மற்றவர் ரொறன்ரோவிலும் வளர்ந்தமை ஈழத்தமிழரின் வரலாற்று அனுபவம். எமது சிறுவர் நாவல் இப்பொருளைக் கையாளும்போது, பிரிந்தோர் கூடியதோடு நிறைவடைந்துவிடலாகாது. அவர்களைப் பிரித்தது எது, ஒரே முகத்துக்கு இருவேறு வாழ்வுகளை விதித்தது எது என்னும் வினாக்களைச் சிறுவரிடம் எழுப்புதல் வேண்டும். முகத்தை மாற்றும் அற்புதத்திலும் பார்க்க, வாழ்வை மாற்றும் அறிவே அவர்களுக்குத் தேவையானது.