பேச்சிழந்த ஆசிரியரும் பணிவிடையும்: ஒரு பௌத்த வாசிப்பு

1

மௌனம் பற்றிப் பேச்செடுத்தால் தமிழில் உடனே வந்து நிற்பவர் தட்சிணாமூர்த்தி. கல்லால மரத்தடியில் வாய் திறக்காமல் நான்கு முனிவர்களுக்கு எல்லாவற்றையும் விளங்கவைத்த குரு. தாயுமானவரின் குருவுக்குப் பெயரே மௌனகுரு. திருவண்ணாமலை ரமணர் வரைக்கும் இந்தத் தொடர்ச்சி நீள்கிறது. இந்த மரபில் மௌனம் என்பது குரு தானாகத் தேர்ந்துகொண்டது, சொல்லைவிட மேலானதாக மதிக்கப்படுவது, ஆகவே அதிகாரத்தின் உச்சம். சேரியில் இருப்பவனின் மௌனத்தை யாரும் உபதேசமாக வாசித்ததில்லை. பயம், பணிவு, சம்மதம் என்றுதான் அது வாசிக்கப்பட்டிருக்கிறது. மௌனத்துக்குள்ளும் மேல் கீழ் உண்டு என்பதை முதலில் குறித்துக்கொள்வோம்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது வேறொரு மௌனம். ஆசிரியர் நோயில் விழுகிறார். பேச்சு போய்விடுகிறது. ஒரு பக்கம் கை கால் விளங்கவில்லை. ஊட்டிவிட, புரட்டிப் படுக்கவைக்க, கழுவிவிட ஆள் வேண்டும். இந்த மௌனத்தை அவர் தேர்ந்துகொள்ளவில்லை. இப்போதும் அவர் ஆசிரியர்தானா? பக்கத்தில் இருப்பவர் அவரிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

2

வியத்நாமியத் துறவி திக் நாட் ஹான் (1926–2022) பேச்சாலும் எழுத்தாலும் உலகம் அறிந்தவர். போர்க்காலத்தில் மடத்துக்குள் உட்கார்ந்துவிடாமல், குண்டு விழுந்த ஊர்களுக்குப் போய் வேலை செய்ய இளைஞர்களைத் திரட்டியவர். 1966இல் போரை நிறுத்தக் கோரி மேற்கே போனவர், நாடு திரும்ப அனுமதிக்கப்படவில்லை. 1967இல் மார்ட்டின் லூதர் கிங் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிந்தார். 1982இல் பிரான்சில் 'பிளம் வில்லேஜ்' மடத்தை நிறுவினார். சொந்த மண்ணை மறுபடி மிதித்தது 2005இல், 39 ஆண்டுகள் கழித்து.

2014 நவம்பர் 11 அன்று அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. பிழைத்தார். ஆனால் பேச்சு திரும்பவில்லை, வலப்பக்கம் செயலிழந்தது. அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். பிரான்ஸ், சான் பிரான்சிஸ்கோ, மறுபடி பிரான்ஸ், தாய்லாந்து என்று இடம் மாறி 2018 அக்டோபரில் ஹுவே நகரின் து ஹியூ கோயிலுக்கு வந்து சேர்ந்தார். பதினாறு வயதில் அவர் துறவுக்கு வந்த அதே கோயில். 2022 ஜனவரி 22 அன்று அங்கேயே இறந்தார்.

இவ்வளவு காலமும் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் துறவிகளான மாணவர்கள். உணவு, மருந்து, உடற்பயிற்சி, சக்கர நாற்காலி என்று எல்லாம் அவர்கள் கையில். இடக்கையாலும் கண்ணாலும் முகத்தாலும் அவர் காட்டுவதைப் புரிந்துகொள்ளப் பழகினார்கள். ஆசிரியரைக் கூப்பிடும் வியத்நாமியச் சொல் நம் காதில் 'தாய்' என்றே விழும். அப்படிக் கூப்பிட்டவர்கள்தான் கடைசியில் அவருக்குத் தாய் செய்கிற வேலைகளைச் செய்தார்கள்.

நேசிக்கிறவருக்கு ஒருவர் தரக்கூடியவற்றில் பெரியது தன் இருப்பு, அதாவது முழுக் கவனத்தோடு கூட இருப்பது என்று அவர் பல காலம் போதித்துவந்தார். பேச்சு இருந்தவரை அது ஒரு கருத்து. கேட்கலாம், குறித்துக்கொள்ளலாம், மேற்கோள் காட்டலாம். பேச்சு போனபிறகு அதைச் செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாற்காலியைத் தள்ளுகிறவர் அவசரப்பட்டால் அது உடனே அந்த உடம்பில் தெரியும். ஒரு கவளத்தை எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதற்கு எதிரே இருக்கும் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். மாணவரின் கவனம் சொல்லிலிருந்து உடலுக்கு இடம் மாறுகிறது. இந்த மௌனம் கற்பித்தது இதைத்தான். இதில் மர்மம் எதுவுமில்லை.

இன்னொரு வாசிப்புக்கும் இடமிருக்கிறது. 2009இல் வியத்நாமின் பாட் நா மடத்திலிருந்து அவருடைய சீடர்கள் நூற்றுக்கணக்கில் துரத்தப்பட்டார்கள். அதே நாடு 2018இல் அவரை ஏற்றுக்கொண்டது. பேசாத ஆசிரியர் அரசுக்குத் தோதானவர் என்று ஒருவர் சொல்லலாம். அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கூடவே, அந்தப் பேசாத உடலைச் சுற்றி ஒரு சங்கம் கலையாமல் இருந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

3

இந்தப் பணிவிடையை நம்மூர் குரு பக்தியின் இன்னொரு வடிவம் என்று எடுத்துக்கொண்டால் தவறிவிடுவோம். குருவுக்குக் கால் பிடித்துவிடுவது இங்கே கீழிருந்து மேலே போகிற வேலை. அது திரும்பி வராது. விநய பிடகம் வகுத்திருக்கிற ஏற்பாடு வேறு. மாணவர் ஆசிரியருக்குப் பல் குச்சியும் தண்ணீரும் எடுத்து வைக்க வேண்டும், இருப்பிடத்தைக் கூட்ட வேண்டும், நோயில் கூட இருக்க வேண்டும் என்கிறது மகாவக்கம். அடுத்த பகுதியிலேயே, மாணவர் நோயில் விழுந்தால் ஆசிரியரும் இதே வேலைகளை மாணவருக்குச் செய்ய வேண்டும் என்கிறது. கடமை இருபக்கமும் ஓடுகிறது.

அதே நூலில் ஒரு நிகழ்ச்சி. புத்தரும் ஆனந்தரும் துறவிகளின் இருப்பிடங்களைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் வயிற்றுக்கடுப்பில் தன் மலமூத்திரத்திலேயே கிடக்கிறார். யாரும் பார்ப்பதில்லையா என்று புத்தர் கேட்கிறார். இல்லை, மற்றவர்களுக்கு நான் எந்த உபயோகமும் இல்லாதவன், அதனால் பார்ப்பதில்லை என்கிறார் நோயாளி. ஆனந்தர் தண்ணீர் கொண்டுவர, புத்தர் ஊற்றுகிறார், ஆனந்தர் கழுவுகிறார். தலைமாட்டில் புத்தரும் கால்மாட்டில் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு துறவிகளைக் கூட்டி, உங்களுக்குத் தாயோ தகப்பனோ இங்கே இல்லை, நீங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார், எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். பார்க்காமல் விடுவது குற்றம் என்று விதியும் ஆகிறது.

நோயாளியின் பதில்தான் இங்கே முக்கியம். உபயோகம் இருக்கிறவரை உறவு என்ற கணக்கு துறவிகளின் சங்கத்துக்குள்ளேயும் ஓடியிருக்கிறது. புத்தர் அந்தக் கணக்கை உடைக்கிறார். நல்ல பணிவிடையாளருக்குரிய ஐந்து தகுதிகளையும் சொல்கிறார்: மருந்து தயாரிக்கத் தெரியவேண்டும், எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிய வேண்டும், ஆதாயத்துக்காகச் செய்யக்கூடாது, மலம், மூத்திரம், எச்சில், வாந்தி எடுக்க அருவருக்கக்கூடாது, தம்மத்தைச் சொல்லி நோயாளிக்குத் தெம்பூட்ட வேண்டும். தொட்டால் தீட்டு, எச்சில் தீட்டு என்று உடல்களை அடுக்கிவைத்த ஒரு சமூகத்தின் நடுவே நான்காவது தகுதி எவ்வளவு பெரிய கலகம் என்று விளக்கத் தேவையில்லை. இறந்த துறவியின் பாத்திரத்தையும் சீவரத்தையும் நோயில் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கொடுக்கலாம் என்றும் விதி உண்டு. பார்த்துக்கொள்வதை ஒரு உழைப்பாக அந்தச் சங்கம் மதித்திருக்கிறது.

புத்தரே கடைசியில் நோயாளி. எண்பது வயதில், வேசாலிக்கு அருகில் பேலுவ கிராமத்து மழைக்காலத்தில் கடும் வலி. ஆனந்தர் கலங்கி, சங்கத்துக்குக் கடைசியாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்க்கிறார். மூடிய கைக்குள் நான் எதையும் ஒளித்து வைத்திருக்கவில்லை என்பதே பதிலின் சாரம். மௌன குருவின் தர்க்கம் இங்கே முறிந்துவிடுகிறது. சொல்லவேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று. பேசாமல் கிடக்கும் ஆசிரியரிடம் ரகசியம் ஏதுமில்லை, உடம்பு மட்டும் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

4

சங்கமும் சொல்லும் அற்றுப்போன இடத்தில் பேசாத ஆசிரியர் என்ன ஆவார்? அதற்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. தருமபுரி 1965 வரை சேலம் ஜில்லாவாகத்தான் இருந்தது. அந்தச் சேலத்தின் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிடப்பட்டுவந்த சிலை புத்தருடையது என்று தொல்லியல் துறை ஆய்ந்து சொன்னது. 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்று, சிலையைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் விடச் சொல்லித் தீர்ப்பளித்தது. கும்பிட்ட சனங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மௌனமான இருப்பு தானாக எதையும் கற்பிக்காது என்பதற்காகச் சொல்கிறேன். கேட்டவர்களும் கேட்டதைச் செய்கிறவர்களும் சுற்றி இருந்தால்தான் அது போதனை. இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் அதற்குப் பேர் வைத்துவிடலாம்.

5

இதெல்லாம் துறவிகள் கதை, நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கம் எந்த ஊருக்குள் போனாலும் ஏதோ ஒரு வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருப்பார். 'பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டாங்க, பாக்க ஆளில்ல' என்பார்கள். ஆளே இல்லாமல் இல்லை. மருமகளோ மகளோ இருப்பாள். பீ மூத்திரம் அள்ளுகிற அந்த உழைப்பை யாரும் உழைப்பென்று எண்ணுவதில்லை. வசதியுள்ள வீட்டில் அதற்குக் கூலிக்கு ஆள் வைப்பார்கள். கூலிக்கு வருகிறவர் என்ன சாதி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், 2004 வரை தருமபுரியாக இருந்த பகுதியில். வீடு தேடி மாத்திரை, இயன்முறைப் பயிற்சி, வலி தணிப்பு என்று அது நல்ல ஏற்பாடு. ஆனால் வருகிறவர் அடுத்த வீட்டுக்கும் போக வேண்டும். கூட உட்காருவதை அரசாணை போட்டுச் செய்துவிட முடியாது.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் இந்த மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, இரட்டை டம்ளருக்கும் கந்துவட்டிக்கும் எதிராகப் பேசியவர்கள் இன்று எழுபதை ஒட்டியவர்கள். பேச்சுதான் அவர்கள் ஆயுதம். அதில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனால் நாம் என்ன செய்கிறோம்? நிதி திரட்டுவோம், சிறப்பிதழ் போடுவோம், ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம். அடுத்த தடவை போகக் கால் வராது. அவர் பேசுவதில்லையே, போய் என்ன செய்வது என்று தோன்றும். மகாவக்கத்து நோயாளி சொன்ன அதே கணக்குதான் இது.

இரங்கல் கூட்டம் நடத்த நம் அமைப்புகளுக்கு நன்றாகத் தெரியும். படுக்கைப் பக்கத்தில் உட்காரும் முறை ஒன்று நம்மிடம் உருவாகவில்லை. ஐந்து பேர் சேர்ந்து வாரத்துக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொள்ளலாம். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும் படுக்கைப்புண் வராமல் பார்க்கவும் வருகிற செவிலியரிடம் கற்றுக்கொள்ளலாம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மதியம் தூங்கக் கிடைக்கும். பத்திரிகை படித்துக் காட்டலாம், படிக்காமலும் இருக்கலாம். ஆண்களும் எழுத்தாளர்களும் கையை நனைத்துச் செய்யவேண்டிய வேலை இது. அவர் நமக்குச் சொன்ன சமத்துவம் நம் கைக்கு வந்திருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.