1899 செவானி டைகர்ஸ் காற்பந்து அணி

1899 செவானி டைகர்ஸ் காற்பந்து அணி என்பது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் செவானி என்னும் ஊரிலுள்ள சௌத் பல்கலைக்கழகத்தின் சார்பில், 1899ஆம் ஆண்டுப் பருவத்தில் அமெரிக்கக் காற்பந்து ஆடிய மாணவர் அணியாகும். தென் மாநிலக் கல்லூரிகளின் கூட்டமைப்பான தெற்குக் கல்லூரிகளிடை விளையாட்டுச் சங்கத்தின் வாகையர் பட்டம் அவ்வாண்டு இவ்வணிக்குக் கிடைத்தது. ஆடிய 12 ஆட்டங்களிலும் இவ்வணி வென்றது. மொத்தம் 322 புள்ளிகள் எடுத்து, எதிரணிகளுக்கு 10 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்தது. நவம்பர் 9 முதல் 14 வரையிலான ஆறு நாட்களில் தொடர்வண்டியில் ஊர் ஊராகச் சென்று ஐந்து ஆட்டங்களை ஆடி, ஐந்திலும் எதிரணியை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் வென்றதே இவ்வணியின் புகழுக்கு முதன்மைக் காரணம்.

அக்கால ஆட்டமுறை

அன்றைய அமெரிக்கக் காற்பந்து இன்றைய ஆட்டத்திலிருந்து பெரிதும் வேறுபட்டது. ஆடுகளம் 110 கெஜம் நீளமுடையது. ஆட்டம் 35 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக நடந்தது. பந்தை வைத்திருக்கும் அணி மூன்று முயற்சிகளுக்குள் 5 கெஜம் முன்னேற வேண்டும். இன்று நான்கு முயற்சிகளில் 10 கெஜம் முன்னேற வேண்டும். ‘டச் டவுன்’ எனப்படும் எல்லைக்கோட்டுத் தொடுகைக்கு 5 புள்ளிகள், அதைத் தொடர்ந்து பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் 1 புள்ளி, களத்திலிருந்து நேரடியாக உதைத்து அடிக்கும் கோலுக்கு 5 புள்ளிகள் என்று கணக்கிடப்பட்டது.

பந்தை முன்னோக்கி எறிவதற்கு அப்போது அனுமதி இல்லை. ஆகவே பந்துடன் ஓடுபவரைச் சுற்றித் தன் அணியினர் திரண்டு, எதிர்வரிசையை மோதி உடைப்பதே முதன்மை உத்தியாக இருந்தது. ஆட்டத்திலிருந்து வெளியேறிய வீரர் மீண்டும் உள்ளே வர முடியாது. எனவே காயம்பட்டாலும் களத்தைவிட்டு வெளியேறாமல் ஆடுவது வழக்கமாயிற்று. ஒரே நாளில் தாக்குதலும் தற்காப்பும் அதே பதினொருவரின் பொறுப்பு.  இந்தப் பின்னணியில் பார்க்கும்போதுதான் ஆறு நாட்களில் ஐந்து ஆட்டங்கள் என்பதன் கடுமை விளங்கும்.

அணியும் பயணத்தின் காரணமும்

சௌத் பல்கலைக்கழகம் எபிஸ்கோப்பல் திருச்சபையினரால் 1857இல் நிறுவப்பட்ட சிறிய கல்வி நிறுவனம். கம்பர்லாந்து மேட்டுநிலத்தில் காட்டுக்கு நடுவே அமைந்தது. அணியின் பயிற்றுநராக இருந்தவர் பில்லி சூட்டர். தலைவர் ஹென்றி சைபல்ஸ். ஆட்டங்களை ஏற்பாடு செய்து வரவு செலவைக் கவனித்த மாணவ மேலாளர் லூக் லீ.

செவானியின் பெரும் போட்டியாளர் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். அவ்வணியுடனான ஆட்டமே நுழைவுக் கட்டண வருவாய்க்குப் பெரிய ஆதாரம். அந்த வருவாயைப் பங்கிடுவதில் எழுந்த பிணக்கால் 1899இல் இரு அணிகளும் மோதவில்லை. அதனால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட லூக் லீ வகுத்த திட்டமே இந்த நெடும்பயணம். தொலைவிலுள்ள கல்லூரிகளுடன் அடுத்தடுத்த நாட்களில் ஆட்டங்களை வைத்தால், ஒரே பயணச் செலவில் பல ஆட்டங்களின் வருவாய் கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு.

பருவத்தின் தொடக்கம்

அக்டோபர் 21 அன்று அட்லாண்டாவில் ஜார்ஜியா அணியை 12–0 என்றும், அதே நகரில் அக்டோபர் 23 அன்று ஜார்ஜியா டெக் அணியை 32–0 என்றும் செவானி வென்றது. பின்னர் சொந்தக் களத்தில் டென்னசி அணியை 46–0 என்றும், சௌத்வெஸ்டர்ன் பிரெஸ்பிட்டீரியன் அணியை 54–0 என்றும் வீழ்த்தியது. நெடும்பயணத்துக்கு முந்தைய நான்கு ஆட்டங்களில் 144 புள்ளிகள் எடுத்திருந்தது.

ஆறு நாட்கள், ஐந்து ஆட்டங்கள்

பயணத் தொலைவு மொத்தம் ஏறத்தாழ 2,500 மைல், அதாவது 4,000 கிலோமீட்டர். 21 வீரர்கள் படுக்கை வசதியுள்ள தொடர்வண்டிப் பெட்டியில் சென்றனர். பகலில் ஆட்டம், இரவில் பயணம் என்பதே ஒழுங்கு. வெளியூர்த் தண்ணீரால் வீரர்களுக்கு நோய் வரக்கூடாது என்று செவானி ஊற்றுநீரைப் பீப்பாய்களில் கொண்டுசென்றதாகச் சொல்லப்படுகிறது.

ஐந்து ஆட்டங்களின் முடிவுகள்:

நவம்பர் 9, வியாழன் – ஆஸ்டின் – டெக்சஸ் – 12–0
நவம்பர் 10, வெள்ளி – ஹியூஸ்டன் – டெக்சஸ் ஏ அண்ட் எம் – 10–0
நவம்பர் 11, சனி – நியூ ஆர்லியன்ஸ் – டுலேன் – 23–0
நவம்பர் 13, திங்கள் – பேட்டன் ரூஜ் – லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் – 34–0
நவம்பர் 14, செவ்வாய் – மெம்பிஸ் – மிசிசிப்பி – 12–0

டெக்சஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் சைபல்ஸின் தலையில் வெட்டுக்காயம் ஏற்பட்டது. அவர் வெளியேறாமல் தொடர்ந்து ஆடினார். மறுநாளே ஹியூஸ்டனில் அடுத்த ஆட்டம். அதற்கு அடுத்த நாள், ஏறத்தாழ 350 மைல் தள்ளியுள்ள நியூ ஆர்லியன்ஸில் மூன்றாவது ஆட்டம். நவம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை; திருச்சபைக் கல்லூரி என்பதால் அன்று ஆட்டம் இல்லை. ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து 91 புள்ளிகள் எடுத்த செவானி, ஒரு புள்ளியையும் இழக்கவில்லை.

இவ்வெற்றிக்கு வீரர்களின் உறுதியோடு வேறு சில காரணங்களும் உண்டு. வழிநடத்துநர் வில்சன், பின்கள வீரர் ஆர்மண்ட் சிம்கின்ஸ் போன்ற திறமையாளர்கள் ஒரே அணியில் அமைந்திருந்தனர். அன்றைய தெற்கில் இவ்விளையாட்டு புதிது. பல கல்லூரிகளின் அணிகள் இன்னும் முழு வடிவம் பெறவில்லை.

கடைசி மூன்று ஆட்டங்கள்

ஊர் திரும்பிய அணி நவம்பர் 20 அன்று கம்பர்லாந்து அணியை 71–0 என்று வென்றது. உண்மையான சோதனை நவம்பர் 30 அன்று மான்ட்கோமரி நகரில் வந்தது. எதிரணி ஆபர்ன். அதன் பயிற்றுநர் ஜான் ஹைஸ்மன்; கல்லூரிக் காற்பந்தின் சிறந்த வீரருக்கு இன்று வழங்கப்படும் ஹைஸ்மன் கோப்பை அவர் பெயரில் அமைந்ததே. விரைவாக ஆடிய ஆபர்ன், அந்தப் பருவத்தில் செவானிக்கு எதிராகப் புள்ளி எடுத்த ஒரே அணியாயிற்று. ஆட்டம் 11–10 என்று செவானியின் பக்கம் முடிந்தது. நடுவரின் முடிவுகள் குறித்து ஹைஸ்மன் வெளிப்படையாகக் குறைகூறினார். டிசம்பர் 2 அன்று அட்லாண்டாவில் வட கரோலினா அணியை 5–0 என்று வென்று செவானி பருவத்தை நிறைவு செய்தது.

காலச் சூழல்

இச்சாதனை நிகழ்ந்த தெற்கில் இனப் பிரிவினை நடைமுறையில் இருந்தது. செவானியிலும், அவ்வணி எதிர்கொண்ட கல்லூரிகளிலும் வெள்ளையின மாணவர்களுக்கு மட்டுமே இடமுண்டு. அணியுடன் சென்ற உடற்பயிற்சி உதவியாளர் கால் பர்ரோஸ் ஒரு கறுப்பினத்தவர்.

மோதலை நம்பிய ஆட்டமுறை நெடுநாள் நீடிக்கவில்லை. களத்தில் மாணவர்கள் இறக்கும் நிகழ்வுகள் பெருகியதால், 1905இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரோசவெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கல்லூரிகளின் சார்பாளர்களை அழைத்துப் பேசினார். 1906 முதல் பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது. முன்னேற வேண்டிய தொலைவும் 10 கெஜமாக உயர்ந்தது.

பிற்காலம்

லூக் லீ 1911 முதல் 1917 வரை டென்னசியின் சார்பில் அமெரிக்க மேலவை உறுப்பினராக இருந்தார். முதல் உலகப் போரில் படைத்தளபதியாகப் பணியாற்றியவர், 1919 ஜனவரியில் நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மைப் பிடித்துவர முயன்று தோல்வியடைந்தார். சைபல்ஸின் பெயர் 1973இல் கல்லூரிக் காற்பந்துப் புகழரங்கில் சேர்க்கப்பட்டது.

செவானி 1932இல் தென்கிழக்கு மாநாடு என்னும் கூட்டமைப்பின் நிறுவன உறுப்பினர்களுள் ஒன்றாயிற்று. ஆனால் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. அக்கூட்டமைப்பின் ஆட்டம் ஒன்றைக்கூட வெல்லாமல் 1940இல் விலகியது. இன்று விளையாட்டு உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவில் அக்கல்லூரி ஆடுகிறது. அந்த ஆறு நாட்களில் அதனிடம் தோற்ற ஐந்து அணிகளுள் டுலேன் தவிர்த்த நான்கும் இப்போது அதே தென்கிழக்கு மாநாட்டில் உள்ளன.