கிளட்ச்சுக்கு எத்தனை குதிரை?



நம் வகுப்பில் யாரிடம் கார் பேச்சை எடுத்தாலும் முதல் கேள்வி "எத்தனை ஹெச்.பி. மச்சி?" என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், போன விடுமுறையில் ஒரு கிளட்ச் பிளேட் என் மூக்கை உடைக்கும் வரை.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா மேலூர்ப் பக்கம் வாடகை டிராக்டர் ஓட்டுகிறார். பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டுவிட்டால் தொழி உழவுக்கு ராத்திரி, பகல் கிடையாது. விடுமுறையில் சும்மா இருக்க வேண்டாமே என்று மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆனால் 'டிப்ளமோ படிக்கிற பையன்' என்று அங்கே எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. வினையே அதில்தான் வந்தது.

ஒருநாள் ஒரு வெர்னா ஃபுளூயிடிக் வந்தது. 2011-ல் நம் நாட்டுக்கு வந்த மாடல், 1.6 லிட்டர் டீசல். கம்பெனியிலிருந்து வரும்போதே 128 குதிரை, 260 நியூட்டன் மீட்டர் டார்க். அது போதாதென்று வண்டிக்காரர் வெளியூரில் 'ரீமேப்' செய்து வந்திருந்தார். அதாவது, எஞ்சினுக்கு டீசலையும் டர்போ காற்றையும் அளந்துவிடும் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றுவது. இப்போது 330 நியூட்டன் மீட்டர் என்று கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். (கம்பெனி கொடுத்த அளவை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் சிக்கலைக் கொண்டுவரும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்!)

"தம்பி, நத்தம் ரோடு பாலத்துல அஞ்சாவது கியர்ல மிதிச்சேன். முள்ளு மட்டும் மேல போகுது, வண்டி போகல. கருகுன வாடை வேற" என்றார். 2023-ல் திறந்த அந்தப் பறக்கும் பாலம் 7.3 கிலோமீட்டர் நீளம், நடுவில் சிக்னல் கிடையாது. மிதிக்கத் தோன்றத்தான் செய்யும்.

எஞ்சின் வேகம் ஏறி, வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். ஆனால் உடனே புதுசு வாங்க ஓடக்கூடாது. கிராங்க் பின்பக்க ஆயில் சீல் கசிந்து பேஸிங்கில் எண்ணெய் பட்டாலும் இதே வழுக்கல்தான் வரும். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் மறுபடியும் அதே கதைதான். இந்த வண்டியில் கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தோம். எண்ணெய்ப் பசை இல்லை. பேஸிங்கும் தேயவில்லை, கண்ணாடி போல மினுமினுத்தது. சூட்டில் வெந்துவிட்டது.

நான் நோட்டை எடுத்தேன். நமக்குப் பாடத்தில் வருவதுதான்: உராய்வுக் கெழு, அழுத்து விசை, சராசரி ஆரம் மூன்றையும் பெருக்கி, பிளேட்டுக்கு இரண்டு முகம் என்பதால் இரண்டால் பெருக்க வேண்டும். கணக்குக்காகப் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் 6,500 நியூட்டன், பிளேட்டின் வெளிவிட்டம் 235, உள்விட்டம் 155 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். சராசரி ஆரம் 97.5 மில்லிமீட்டர். சாதாரண ஆர்கானிக் பேஸிங்கிற்குக் கெழு 0.3. விடை 380 நியூட்டன் மீட்டர். பழைய 260-க்கு இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, தாராளம். 330 என்றாலும் தாங்க வேண்டுமே? தாங்காது. பேஸிங் சூடேறினால் கெழு இறங்கும். 0.25 என்று வைத்தால் 317 தான் வருகிறது. வழுக்கினால் சூடு, சூடானால் இன்னும் வழுக்கல். பாலத்தில் நடந்தது இதுதான்.

இந்தக் கணக்கில் எங்கேயாவது குதிரைசக்தி வந்ததா பாருங்கள்! கிளட்ச்சுக்குத் தெரிந்ததெல்லாம் டார்க் எனும் முறுக்குவிசைதான். குதிரைசக்தி என்பது அந்த முறுக்கை எஞ்சின் எத்தனை வேகத்தில் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வது. 6,000 சுற்றில் 100 குதிரை தரும் பெட்ரோல் கார் அந்த வேகத்தில் சுமார் 117 நியூட்டன் மீட்டர்தான் தருகிறது. 2,000 சுற்றில் 45 குதிரை தரும் டிராக்டரோ 158! 'நூறு குதிரைக்கான கிளட்ச்' என்று யாராவது விற்க வந்தால், 'எத்தனை சுற்றில்?' என்று கேளுங்கள்.

இதுவரை சரியாகத்தான் போட்டேன். அடுத்து புத்திசாலித்தனம் காட்டினேன். பித்தளை நிறத்தில் பட்டன் பட்டனாக இருக்கும் செரா மெட்டாலிக் பிளேட்டுக்குக் கெழு 0.4 என்று வைத்தால் 507 வருகிறது. "சார், இதைப் போட்டால் ஜென்மத்துக்கும் வழுக்காது" என்றேன். அவரும் நம்பி வாங்கினார். ஒர்க்‌ஷாப் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள் வண்டி திரும்ப வந்தது. உண்மையிலேயே வழுக்கவில்லை. அதுதான் கோளாறு! கோரிப்பாளையம் நெரிசலில் பெடலை விட்டால் ஒன்று வண்டி முயல் மாதிரி குதிக்கிறது, இல்லையென்றால் நின்றுபோகிறது. ரிவர்ஸில் உடம்பெல்லாம் குலுங்குகிறது. அவருடைய வயதான அப்பாவும் ஓட்டுகிற வண்டி அது. மூன்று நாளாக அவர் தொடவே இல்லையாம்.

அன்றைக்கு ஸ்பேர் வாங்க டவுனுக்கு வந்த என் அப்பா ஒர்க்‌ஷாப்பில்தான் இருந்தார். கழற்றி வைத்த பிளேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம டிராக்டர்ல கிடக்கிற பட்டன் பிளேட்டுல்ல? தொழியில புடிச்சா உடனே இழுக்கணும், அதுக்கு இது. காருக்கு எதுக்குப்பா? கொஞ்சம் வழுக்கித்தான புடிக்கணும்?" என்றார். நோட்டில் இரண்டு பக்கம் கணக்குப் போட்டும் எனக்குத் தோன்றாத விஷயம்! நின்ற வண்டி கிளம்பும்போது, சுற்றுகிற ஃபிளைவீலுக்கும் நிற்கிற கியர் ஷாஃப்டுக்கும் உள்ள வேக வித்தியாசத்தைப் பிளேட் வழுக்கித்தான் சமன் செய்கிறது. பந்தய மைதானத்தில் ஒரு தடவை கிளம்பினால் போதும். 2003-ல் தொடங்கிய கோவை கரி ஸ்பீட்வேயில் காளவாசல் சிக்னல் கிடையாது.

இரண்டாவது தடவை அண்ணனே முடிவு செய்தார். ஆர்கானிக் பேஸிங், நடுவில் ஸ்பிரிங் வைத்த ஹப், ஆனால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான பிரஷர் பிளேட். என் கணக்கில் போட்டால் 7,800 நியூட்டன். குளிர்ந்த நிலையில் 456, சூட்டிலும் 380 தாங்கும். பெடல் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். கூடவே, ரீமேப் செய்தவரிடம் அனுப்பி, கீழ்ச் சுற்றில் டார்க்கைக் குறைத்து 300-க்குள் வைக்கச் சொன்னார். என்னைக் கேட்டால் இரண்டில் இந்த வேலைதான் முக்கியம்.

வாங்கும்போது இன்னும் சில விஷயங்கள் உண்டு. பல டீசல் கார்களில் ஃபிளைவீல் இரண்டு துண்டாக, நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும். ஜெர்மனியின் லூக் கம்பெனி 1985-ல் கொண்டுவந்த டூயல் மாஸ் ஃபிளைவீல் இது. விலைக்குப் பயந்து இதை எடுத்துவிட்டு ஒற்றை ஃபிளைவீல் போடுகிறவர்கள் உண்டு. ஐட்லிங்கில் கியர் பாக்ஸ் கடகடவென்று தகர டப்பா மாதிரி பேசும், மாற்றாதீர்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதானே! போல்ட்டை எதிரெதிராக, டார்க் ரென்ச்சில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பழைய தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள்; பழைய பேஸிங் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடையுங்கள். புதுப் பிளேட் முகம் பதிய சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும். இதை நான் வண்டிக்காரரிடம் மூன்று தடவை சொன்னேன்.

செராமிக் பிளேட்டைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. அதன் விலை என் அப்பாவின் ஒரு மாத வருமானத்துக்கு மேல். வண்டிக்காரர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது தடவை இறக்கி ஏற்றிய கூலியை அண்ணன் வாங்கவில்லை. நானும் அந்த வாரச் சம்பளத்தை வாங்கவில்லை. அந்த பிளேட் இப்போது நம் ஆட்டோமொபைல் லேபில், ஜன்னல் ஓரம் மூன்றாவது மேஜையில் இருக்கிறது. முதலாமாண்டுத் தம்பிகள் எடுத்துப் பார்க்கலாம். கொஞ்சம் கனமாக இருக்கும், காலில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை