விரைவாகப் படிப்பது எப்படி?

ஓசூரில் பெங்களூர்ப் பேருந்தில் ஏறினால் சற்று நேரத்தில் அத்திப்பள்ளி வந்துவிடும். அதுவரை தமிழில் இருந்த கடைப் பலகைகள் அங்கே கன்னடத்துக்கு மாறிவிடும். தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பலகைகளைப் பெரும்பாலும் எழுத்துக் கூட்டி ஒலித்துவிடுவார். தெலுங்கு எழுத்தும் கன்னட எழுத்தும் ஒரே பழைய எழுத்திலிருந்து கிளைத்தவை அல்லவா? ஆனால், கன்னடம் அறியாதவராயின் ஒலித்த சொல்லின் பொருள் அவருக்கு விளங்காது. எழுத்தை ஒலிப்பது வேறு, படிப்பது வேறு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

ஓசூர் வட்டாரத்தில் இது வெறும் வேடிக்கை அன்று. 1970களில் இங்கே சிப்காட் தொழில் வளாகம் தோன்றியது. 1980இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும், அதே பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்தன. இன்றும் புதிய ஆலைகள் வந்தவண்ணம் உள்ளன. தேன்கனிக்கோட்டை, தளி போன்ற ஊர்ப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் வழியில் பயின்று, வேலையில் ஆங்கிலக் குறிப்பேட்டைப் புரட்ட வேண்டிய இளைஞர்கள் பலர். போட்டித் தேர்வு எழுதுவோருக்கும் இதே நெருக்கடிதான். எல்லாருடைய கேள்வியும் ஒன்றே: விரைவாகவும் வேண்டும், விளங்கவும் வேண்டும், வழி உண்டா?

கண் எப்படிப் படிக்கிறது?

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பர் ஒருவரை எதிரே உட்காரச் சொல்லி, புத்தகத்தை அவர் கண்மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாகப் பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருடைய கண்மணிகளைக் கவனியுங்கள். அவை வரியின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. சிறிது நின்று, சட்டெனத் தாவி, மீண்டும் நிற்கின்றன. பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ழவால் 1878, 1879ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளுக்குப் பின் இவ்வுண்மை பரவலாக அறியப்பட்டது.

கண் ஏன் நிற்க வேண்டும்? விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழிவில்தான் உருவம் கூர்மையாக விழுகிறது. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். ஏறத்தாழ அந்த விரலின் அகலத்துக்கே நமக்குக் கூரிய பார்வை உண்டு. அதற்கு அப்பால் எழுத்துகள் மங்கலாகிவிடும். தாவும் நேரத்திலோ நாம் எதையும் தெளிவாகக் காண்பதில்லை.

ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் கால் வினாடி. அப்படியானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 நிறுத்தங்கள். பெல்ஜிய ஆய்வாளர் மார்க் பிரிஸ்பார்ட் பல ஆய்வுகளைத் தொகுத்து, ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படிக்காத வாசகரின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று 2019இல் கணக்கிட்டார். இரு எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பாருங்கள்!

ஆயிரம் சொற்கள் முடியுமா?

அமெரிக்காவில் ஈவ்லின் உட் என்ற ஆசிரியை 1959இல் விரைவுப் படிப்புப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சொற்களைப் படிக்கலாம் என்ற நம்பிக்கை அதன்பின் உலகெங்கும் பரவியது. கண் நிமிடத்துக்கு 240 முறைதான் நிற்கும் என்றால், ஆயிரம் சொல் படிப்பவர் நான்கு சொற்களில் ஒன்றைத்தான் நேராகப் பார்க்கிறார். மற்றவற்றை ஊகிக்கிறார் அல்லது விட்டுவிடுகிறார். கீத் ரெய்னரும் வேறு நான்கு அறிஞர்களும் எழுதி 2016இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை இதைத் தெளிவாகச் சொல்கிறது. வேகத்தை மிகவும் கூட்டினால் புரிதல் குறையும். இரண்டையும் சேர்த்து வளர்க்கும் வழி மொழியறிவைப் பெருக்குவதே என்பது அவர்கள் முடிவு. மனத்துக்குள் ஒலித்துப் படிப்பதை நிறுத்த வேண்டும் என்ற அறிவுரையும் அவ்வளவாகப் பயன் தருவதில்லை. கடினமான பகுதியில் அந்த உள்ஒலி புரிதலுக்குத் துணையே செய்கிறது.

தமிழில் ஓர் எச்சரிக்கை

ஆங்கிலத்தின் சொற்கணக்கைத் தமிழுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அது ஐந்தாறு சொற்களாகும். ஆகவே நிமிடத்துக்கு 150 தமிழ்ச் சொற்களைப் படிப்பவர் மந்தமானவர் என்று எண்ண வேண்டாம்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. நம் மொழியில் சொல்லின் உயிர் அதன் கடைசியில் இருக்கிறது. 'எந்திரம் ஓடாதபோது மூடியைத் திறக்கலாம்', 'எந்திரம் ஓடும்போது மூடியைத் திறக்காதீர்கள்' என்ற இரு வாக்கியங்களை ஒப்பிடுங்கள். சொற்களின் தொடக்கம் இரண்டிலும் ஒன்றே. செய்யலாமா கூடாதா என்பதைச் சொல்வது வால்பகுதி. தலையை மட்டும் பார்த்துத் தாவும் வாசகர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார். தேர்வில் இதனால் மதிப்பெண் போகும். எந்திரத்தின் முன்னால் விரலே போகலாம்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. முதலாவது, எழுத்தையும் சொல்லையும் கண்டவுடன் அறியும் பழக்கம். பெங்களூரைச் சேர்ந்த சோனாலி நாக் கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கன்னட எழுத்து வடிவங்கள் மிகப் பல என்பதால், அவற்றை முழுதும் கைவசப்படுத்தக் குழந்தைகளுக்குச் சில ஆண்டுகள் ஆகின்றன என்று அதில் காட்டினார். நம் நெடுங்கணக்கிலும் 247 எழுத்துகள் உள்ளன. எழுத்திலேயே தடுமாறும் மனம் பொருளைப் பற்றிச் சிந்திக்க நேரமில்லாமல் போகிறது.

இரண்டாவது, பொருளைப் பற்றிய முன்னறிவு. அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பகுதி ஒன்றைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்துச் சோதித்து, 1988இல் முடிவை வெளியிட்டனர். படிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள், படிப்பில் சிறந்திருந்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டனர். வால்வைக் கையால் கழற்றி மாட்டிய தொழிற்பயிற்சி மாணவர் வால்வைப் பற்றிய பாடத்தைச் சரசரவெனப் படிப்பதன் இரகசியமும் இதுவே.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. உங்கள் வேகத்தை அளவிடுங்கள். ஒரு பக்கத்தின் சொற்களை எண்ணி, படிக்க ஆன நிமிடங்களால் வகுங்கள். பின் புத்தகத்தை மூடி, முக்கியமான மூன்று செய்திகளைச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்த வேகம் கணக்கில் சேராது.

2. படிக்குமுன் தலைப்பு, உட்தலைப்பு, முதல் பத்தி ஆகியவற்றைப் பாருங்கள். மனம் முன்கூட்டியே தயாராகிவிடும்.

3. ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் ஐந்து புதிய சொற்களை எழுதுங்கள். ஆங்கிலக் கலைச்சொல்லாயின், அந்தப் பொருளைத் தொழிற்கூடத்தில் நேரில் கண்டு பெயரைப் பதியவைத்துக் கொள்ளுங்கள்.

4. தடுமாறுவோர், ஒரே சிறு பகுதியை மூன்று நான்கு முறை வாய்விட்டுப் படிக்கட்டும். ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1979இல் விளக்கிய முறை இது. ஒவ்வொரு முறையும் தடுமாற்றம் குறைவதை நீங்களே காண்பீர்கள்.

5. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் படிக்க வேண்டாம். செய்தித்தாளை விரைந்து புரட்டலாம்; பாடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகையையும் வினாத்தாளையும் சொல்லின் கடைசி எழுத்துவரை படித்தே தீர வேண்டும்.

நாளுக்கு இருபது நிமிடம் இவ்வாறு படித்து வாருங்கள். வேகத்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. தெரிந்த சொற்களும் தெரிந்த செய்திகளும் பெருகப் பெருக, வேகம் தானே வந்து சேரும்.