காவற் குழியங்களும் கலன்கோள அழற்சியும்

சிறுநீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தை அடைகின்றது, முகமும் கால்களும் வீங்குகின்றன, குருதியமுக்கம் உயர்கின்றது. சிலரிடத்து இந்நிலை தோன்றிய சில கிழமைகளுள்ளேயே இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிடுகின்றன. அவ்வாறு விரைந்து அழியும் சிறுநீரகத்தின் துணுக்கொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்குமிடத்து, பெரும்பாலும் அங்கு நோய்க்கிருமி எதுவும் காணப்படுவதில்லை. காணப்படுவன நோயாளியின் சொந்த வெண்குழியங்களே. உடலைக் காக்கும் இக்குழியங்கள் சிறுநீரகத்தை அழிக்கும் முறையையும், அவற்றை அடக்க முயன்ற மருத்துவம் எதிர்கொண்ட இடர்ப்பாட்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் கலன்கோளங்கள் உள. கலன்கோளமென்பது மயிர்த்துளைக் குழாய்கள் சுருண்டமைந்த நுண்முடிச்சு; குருதி வடிக்கப்படுமிடம் அதுவே. இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்கின்றது. நாளொன்றுக்கு 180 லீற்றர் வரை திரவம் அங்கு வடிக்கப்படுகின்றது. ஏனைய மயிர்த்துளைக் குழாய்களிலும் பார்க்க இங்கு அமுக்கமும் அதிகம். ஆகவே, குருதியிற் சுற்றிவரும் பிறபொருளெதிரிகளும், அவை பிற பொருள்களோடு இணைந்து உண்டாக்கும் சேர்வைகளும் இவ்வடியின் சுவரிலே தங்கிவிடுதல் எளிதாகின்றது.

1930களில் ஜப்பானிய நோயியலாளர் மசுகி செய்த பரிசோதனை இத்துறையில் ஒரு திருப்பமாகும். எலியின் சிறுநீரக இழையத்தை முயலுக்கு ஏற்றி, அதனால் முயலின் குருதியில் தோன்றிய பிறபொருளெதிரிகளை மீண்டும் எலிக்குச் செலுத்தியபோது எலிக்குக் கலன்கோள அழற்சி உண்டாயிற்று. எனவே, பிறபொருளெதிரியே நேரடியாகக் கேடு செய்வது எனக் கருத இடமிருந்தது. ஆனால் 1965 இல் கொக்கிறேன், உனனுவே, டிக்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு வேறொன்றை உணர்த்திற்று. வெண்குழியங்களுள் ஒரு வகையான நடுநிலைநாடிகளை முன்கூட்டியே அகற்றிவிட்ட விலங்குகளிலும் பிறபொருளெதிரி வடிச்சுவரிற் படிந்தது. ஆயினும் சிறுநீரிற் புரதம் ஒழுகுதல் பெரிதுங் குறைந்திருந்தது. பிறபொருளெதிரி இடத்தைச் சுட்டுகின்றது; இடிப்பது குழியம்.

நடுநிலைநாடியின் உள்ளே நொதியங்கள் நிறைந்த மணியுருக்கள் உள்ளன. பற்றீரியாவைக் கொல்லப் பயன்படும் அந்நொதியங்களுக்குப் பற்றீரியாவின் சுவரும் வடியின் சுவரும் ஒன்றே. இதனிலும் விந்தையான செய்தி பின்னரே தெரியவந்தது. 1982 இல் அவுஸ்திரேலியாவிலும், 1985 இல் நெதர்லாந்து, டென்மார்க் ஆய்வாளராலும், சிறு குருதிக்கலன்களின் அழற்சியுற்ற நோயாளரிடத்து நடுநிலைநாடிகளுக்கே எதிரான பிறபொருளெதிரிகள் உண்டென அறிவிக்கப்பட்டது. காவற் குழியத்திற்கு எதிரான இவ்வெதிரிகள் அதனைக் கொன்றொழிக்கும் என எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்வதோ மறுதலை. 1990 இல் போக், ஜெனற் முதலியோர் பரிசோதனைக் குழாயிற் காட்டியவாறு, அவை நடுநிலைநாடியைத் தூண்டிச் சினங்கொள்ள வைக்கின்றன; குழியம் தன் நொதியங்களையும் நச்சு ஒட்சிசன் விளைபொருள்களையும் இருந்த இடத்திலேயே வெளியிடுகின்றது. தன் கருவிலுள்ள டீ.என்.ஏ. இழைகளை வலைபோல் வீசிக் கிருமிகளைச் சிக்கவைக்கும் அதன் ஆற்றல் 2004 இல் விபரிக்கப்பட்டது. அவ்வலைகள் இந்நோயுற்ற சிறுநீரகங்களிலும் காணப்பட்டமை 2009 இல் வெளியாயிற்று.

சுவர் கிழிந்தபின் புரதங்களும் பெருந்தின்குழியங்களும் கலன்கோளத்தைச் சூழ்ந்த உறையினுட் புகுகின்றன. அங்கு குழியங்கள் பெருகிப் பிறைவடிவில் திரண்டு கலன்கோளத்தை நெரிக்கின்றன. தீ-நிணநீர்க்குழியங்கள் இதனை ஊக்குவிக்கின்றன. அவற்றுள் ஒரு பிரிவோ அழற்சியைத் தணிக்கின்றது. சிதைவுகளைத் துப்புரவாக்கிப் புண்ணை ஆற்றுவதும் பெருந்தின்குழியத்தின் தொழிலே.

நிர்ப்பீடனத்தைப் படையெடுப்பு, காவலன், பகைவன் என்னும் போர்ச் சொற்களால் விளக்குவது பாடநூல்களின் வழக்கம். (இக்கட்டுரைத் தலைப்பும் அவ்வழக்கிற்கு விலக்கன்று.) இவ்வுவமை கற்பித்தலுக்கு உதவினும் உண்மையை மறைக்கின்றது என்பது என் கருத்து. மெல்பேண் ஆய்வாளர் சுண்டெலியின் உயிருள்ள சிறுநீரகத்தை நேரிற் படம்பிடித்து 2013 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. நோயற்ற காலத்திலும் வெண்குழியங்கள் கலன்கோளத்தினுள் வந்து, சிறிதுநேரம் தங்கி, ஊர்ந்து சென்றன. அழற்சியின்போது அவை தங்கும் நேரமே நீண்டது. அவை வெளியிலிருந்து வந்த படையல்ல. நாள்தோறும் வந்துபோகும் வழிப்போக்கர்.

இக்கருத்து வேறுபாடு நோயாளியின் உயிரோடு தொடர்புடையது. மேற்கூறிய கலனழற்சி வகைகளுள் ஒன்றைப் பற்றி 1958 இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வு, சிகிச்சையின்றேல் சராசரி ஆயுள் 5 மாதம் எனக் கணித்தது. சைக்ளோபொஸ்பமைட்டையும் பிரெட்னிசோனையும் சேர்த்துக் கொடுத்தபோது 85 நோயாளருள் 79 பேரிடத்து நோய் முற்றாகத் தணிந்தமையை 1983 இல் அமெரிக்க ஆய்வாளர் அறிவித்தனர். மாபெரும் வெற்றியே. எனினும் எல்லாக் குழியங்களையும் பாகுபாடின்றி ஒடுக்கியதன் விலையைப் பின்னர் பலர் கொடுத்தனர்: கொடிய தொற்றுகள், மலட்டுத்தன்மை, சிறுநீர்ப்பைப் புற்றுநோய். 704 நோயாளரை உள்ளடக்கி 2020 இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், பிரெட்னிசோன் வகை மருந்தின் அளவைப் பெரிதுங் குறைத்தபோதும் பயன் குன்றவில்லை. முதலாண்டில் கடுந்தொற்றுகளோ குறைந்தன. நடுநிலைநாடியை அழற்சி இடத்திற்கு ஈர்க்கும் சி5ஏ என்னும் நிரப்பிக் கூறு அதன் வாங்கியோடு இணைவதைத் தடுக்கும் அவக்கோபன் 2021 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதிபெற்றது. குழியத்தைக் கொல்லாது, அதற்கு விடுக்கப்படும் அழைப்பை மட்டும் மறிப்பது அதன் வழி. ஆனால் அதன் விலை மிக உயர்ந்தது. வறிய நாடுகளின் அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளர் பெரும்பாலும் பழைய சைக்ளோபொஸ்பமைட்டையே நம்பியிருக்கின்றனர்.