ஒன்றரை முழத்தில் ஒரு டீக்கடை

பக்கவாதத்துக்குப் பிறகு படுக்கையிலேயே இருக்கும் மாமியாருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று வீட்டுக்கே ஓர் ஆப்டோமெட்ரிஸ்டை வரவழைத்திருக்கிறார் கும்பகோணத்து வாசகி ஒருவர். வந்தவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார், டார்ச் மாதிரி எதையோ கண்ணில் அடித்தார், குறுக்கே வில்லைகளை மாற்றி மாற்றிப் பிடித்தார், பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஓர் எழுத்தைக்கூடப் படிக்கச் சொல்லவில்லையாம். “பேச்சே வராதவரிடம் எதையும் கேட்காமல் பவர் சொல்ல முடியுமா? பேசாமல் செல்போன் ஆப்பில் பார்த்திருக்கலாமோ?” என்று கேட்கிறார்.

முடியும். ஆப் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அந்த டார்ச்சுக்கு ரெட்டினோஸ்கோப் என்று பெயர். மெல்லிய கோடாக ஒளியை விழிக்குள் அனுப்பும். நடுவில் ஊசித்துளை போல ஒரு துவாரம். சோதிப்பவர் அதன் வழியே பார்க்கிறார். விழித்திரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்மணியில் செம்மஞ்சளாக மினுங்கும். கருவியை லேசாக ஆட்டினால் அந்த மினுக்கமும் நகரும். சில கண்களில் ஆட்டும் திசையிலேயே போகும், சிலவற்றில் எதிர்த்திசையில் ஓடும். இந்தத் திசையில்தான் பவர் ஒளிந்திருக்கிறது.

மாலைக் காட்சி விட்டுக் கூட்டம் வெளியே வருவதாக வைத்துக்கொள்வோம். அத்தனை பேரும் எதிரே இருக்கும் ஒரே டீக்கடையைக் குறிவைத்து நேர்கோட்டில் நடக்கிறார்கள். தியேட்டர் வாசல்தான் கண்மணி, நடப்பவர்கள் ஒளிக்கதிர்கள். டீக்கடைக்கு முன்னால் நின்று பார்த்தால் வாசலின் இடப்பக்கம் வந்தவர் இடப்பக்கமே இருப்பார். கடையைத் தாண்டி நின்றால் எல்லோரும் குறுக்கே கடந்து பக்கம் மாறியிருப்பார்கள். மினுக்கம் கூடவே வருவதற்கும் எதிரே ஓடுவதற்கும் இதுதான் காரணம். சரியாகக் கடை வாசலிலேயே நின்றால்? மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் மேலே வந்து விழும், அல்லது ஒருவர்கூட வரமாட்டார். கண்மணி முழுக்கச் சட்டென்று ஒளிரும், சட்டென்று இருளும். சோதிப்பவர் தேடுவது அந்தக் கணத்தை.

வில்லை என்பது டீக்கடையை இடம் மாற்றும் வித்தை. பிளஸ் போட்டால் கடை கிட்டே வரும், மைனஸ் போட்டால் தள்ளிப் போகும். கடை எவ்வளவு தூரம் என்பதையும் கூட்டமே சொல்லிவிடுகிறது. தொலைவில் இருந்தால் கூட்டம் ஒடுங்கி, மங்கலாக, சோம்பேறித்தனமாக நகரும். நெருங்க நெருங்க விரிந்து, பிரகாசமாக, வேகமாகப் பாயும். பால்கனி டிக்கெட்காரர்கள் ஒரு கடைக்கும் தரை டிக்கெட்காரர்கள் வேறொரு கடைக்கும் போனால் அது சிலிண்டர் பவர். ஒளிக்கோட்டைத் திருப்பிப் பிடித்து இரண்டு கடைகளையும் தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டும். கண்புரை என்றால் வாசலில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கிறது. இடைவேளையில் முறுக்கு விற்பவர் கண்ணில் எது என்று தயவுசெய்து எழுதிக் கேட்க வேண்டாம்.

இதில் எனக்குப் பிடித்தது கணக்கின் கடைசி வரி. சோதிப்பவர் ஏறத்தாழ 67 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது ஒன்றரை முழத்தில், உட்காருகிறார். கடையை அங்கே இழுத்து வந்ததற்கான செலவு 1.50 டயாப்டர் (பவரின் அலகு). ஒளிரும் கணம் +2.50 வில்லையில் வந்தால், அந்தச் செலவைக் கழித்து உண்மையான பவர் +1.00. (முழக்கணக்கும் ஒன்றரை, டயாப்டரும் ஒன்றரை, தற்செயல்தான், யாரும் பண்டைய விஞ்ஞானம் என்று கிளம்பிவிடாதீர்கள்.) மருத்துவமனை நாற்காலியில் இந்தத் தூரம் தானாக அமையும். வீட்டில் கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடக்கும், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர், காலடியில் பேரப்பிள்ளை. குனிந்து 40 சென்டிமீட்டரில் பார்த்துவிட்டுப் பழக்கத்தில் ஒன்றரையையே கழித்தால் முழுதாக ஒரு டயாப்டர் பிழை. அதனால்தான் இந்த வேலையில் கையை நீட்டியோ கயிறு பிடித்தோ தூரத்தைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

வரலாறு இல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். 1873இல் ஃபெர்டினாண்ட் குயின்யே என்ற பிரெஞ்சு ராணுவக் கண் மருத்துவர் இந்த முறையை எழுதினார். மினுக்கம் கருவிழியிலிருந்து வருகிறது என்று தப்பாக நினைத்தார். முறை மட்டும் சரியாக வேலை செய்தது. ஒளியைக் கோடாக்கியது 1920களில் அமெரிக்காவின் ஜாக் கோப்லண்ட். போதும்.

இப்போது ஆப். ஃபோன் திரையில் எழுத்துகளைக் காட்டிப் பார்வைக் கூர்மையை அளக்கும் நல்ல ஆப்கள் உண்டு. ‘பீக் அக்யூட்டி’ என்ற ஆப்பைக் கென்யாவில் முறைப்படி சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஆனால் எவ்வளவு தெரிகிறது என்பது வேறு, ஏன் தெரியவில்லை என்பது வேறு. அந்த ஆப்புக்கும் ஒருவர் பதில் காட்டியாக வேண்டும். கையடக்கத் தானியங்கிக் கருவிகள் பதில் கேட்பதில்லை; ஆனால் முதுமையில் சுருங்கிய கண்மணியும் முற்றிய புரையும் சேர்ந்தால் அவை பிழை காட்டி நின்றுவிடுவது உண்டு.  ரெட்டினோஸ்கோப்பும் முற்றிய புரையைத் துளைத்துப் பார்க்காது. ஆனால் அங்கே ஷட்டர் இறங்கியிருப்பது பிடித்திருப்பவருக்குக் கண்ணெதிரே தெரியும், அறுவைக்கு அனுப்புவார்.

வீட்டுக்குப் போய்ச் சோதிப்பதில் மருத்துவமனையில் கிடைக்காத லாபமும் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வயதானவர்களை இரண்டு இடத்திலும் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள்: மருத்துவமனையில் தெரிந்த அளவு வீட்டில் தெரியவில்லை; பெரிய காரணம், வீட்டு வெளிச்சம் பல மடங்கு குறைவு. நம் வீடுகளில் டியூப்லைட் உத்தரத்துக்கு அருகில், பெரும்பாலும் படிப்பவரின் முதுகுக்குப் பின்னால். புதுக் கண்ணாடிக்கு முன் ஒரு மேஜை விளக்கை வாங்கிப் பாருங்கள்.

வாசகிக்கு இன்னொன்று. பக்கவாதம் சிலருக்கு மூளையில் பார்வையின் பாதியை அழித்துவிடும். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் தெரியாது. எந்தப் பவரும் அதை மீட்காது. சோதிக்கக் கருவி வேண்டாம், எதிரே உட்கார்ந்து இருபுறமும் விரலை அசைத்தால் ஓரளவு பிடிபடும். பேச வராவிட்டாலும் பார்வை அந்தப் பக்கம் திரும்புகிறதா என்று கவனிக்கலாம். மாமியார் தட்டில் ஒரு பக்கத்துச் சோற்றை மட்டும் தொடாமல் விடுகிறார் என்றால், அடுத்த முறை ஆப்டோமெட்ரிஸ்ட் வரும்போது முதலில் அதைச் சொல்லுங்கள். நரம்பியல் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.