இரண்டாவது நாயை முதல் நாய் தேர்ந்தெடுக்கட்டும்

வீட்டில் ஒரு நாய் இருக்க, இன்னொன்றும் வேண்டும் என்று மாத்தளைப் பக்கம் பேச்சு எழுந்தால் பதில் பெரும்பாலும் முன்கூட்டியே தயாராக இருக்கும்: ஒன்றரை மாதக் குட்டி, கிடைத்தால் ஜாதி நாய்க் குட்டி, எதுவானாலும் கடுவன் குட்டி. குட்டியைப் பார்த்து ஆசைப்படுவது மனிதர்கள். அதோடு பத்து வருடம் ஒரே வாசலில் படுத்து எழும்பப் போவது பழைய நாய். அதன் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் அதைக் கேட்டறியும் வாய்ப்பு கொழும்பின் மாடி வீடுகளில் இருப்பதைவிட இங்கே அதிகம். ரத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ தோட்ட லயங்களிலும், உக்குவளை, நாவுல, பல்லேபொல கிராமங்களிலும் நாய்கள் நாள் முழுவதும் சங்கிலியில் கிடப்பதில்லை. காலையில் கிளம்பி, ஒழுங்கையிலும் தேயிலை மலையிலும் சுற்றி, சோற்று நேரத்துக்கு வீடு திரும்புகின்றன. அந்தச் சுற்றலில் எந்த நாயோடு சேர்வது, எதைக் கண்டால் ஒதுங்குவது என்பதையெல்லாம் உங்கள் நாய் எப்போதோ தீர்மானித்துவிட்டது. இரண்டாவது நாயைத் தேடுகிறவர் அந்தத் தீர்மானத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், அப்படித் தொடங்கினால் குட்டியைவிட வளர்ந்த நாயே நல்ல தெரிவாக அமையும் வாய்ப்பு அதிகம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அதிகம் சொல்லப்படும் காரணத்தைப் பார்ப்போம்: “பாவம், தனியாக இருக்கிறது, அதற்கு ஒரு துணை.” லயத்து நாய்க்கு இந்தப் பேச்சே பொருந்தாது, அதற்குத் துணைக்குப் பஞ்சமில்லை. மாத்தளை நகரில் மதிலும் கேற்றும் போட்ட வீட்டில், ஆட்கள் வேலைக்குப் போனபின் மாலைவரை காத்திருக்கும் நாய்க்கு ஓரளவு பொருந்தலாம். அங்கும் ஆய்வுகள் நாம் நினைப்பதைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஒஹாயோவில் நடந்து 1996இல் வெளியான ஒரு பரிசோதனையில், எட்டு வாரக் குட்டிப் பருவத்திலிருந்து ஒரே கூட்டில் ஜோடியாக வளர்ந்த, ஏழு வயதைத் தாண்டிய நாய்களைப் பழக்கமில்லாத ஓர் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். தனியாக விடப்பட்டபோது உடலில் மன அழுத்த ஹார்மோன் ஏறியது. வாழ்நாள் முழுவதும் கூட இருந்த ஜோடி நாயைப் பக்கத்தில் விட்டபோதும் ஏறியது. பராமரித்த மனிதர் பக்கத்தில் இருந்தபோதுதான் ஏறவில்லை. 2001இல் ஃபிளானிகனும் டொட்மனும் 400 நாய்களின் விவரங்களை ஆராய்ந்ததில், ஆள் வெளியே போனதும் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டும் பிரிவுப் பதற்றத்துக்கும் வீட்டில் வேறு பிராணி இருப்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. ஆக, மனிதரைப் பிரிந்து ஏங்கும் நாய்க்கு இரண்டாவது நாய் மருந்தாகாது. விளையாட்டுத் தோழனாகலாம், அது வேறு விடயம். இரண்டாவது நாயை விரும்புவது நாம்தான் என்று ஒப்புக்கொண்டால், முதல் நாய்க்கு அதனால் கேடு வராமல் பார்ப்பது நம் பொறுப்பாகிவிடுகிறது.

கேடு எங்கிருந்து வருகிறது? ஒரே வீட்டு நாய்களுக்கிடையிலான சண்டையைப் பற்றி டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். சிகிச்சைக்கு வந்த 38 ஜோடிகளில் 79 வீதமானவை ஒரே பாலைச் சேர்ந்தவை. பெரும்பாலான சண்டைகளைத் தொடக்கியது பின்னால் வந்த நாய், அதுவும் இளைய நாய். தூண்டிய காரணங்களில் எசமானின் கவனமும் சாப்பாடும் முன்னுக்கு நின்றன. இது சண்டை முற்றி வைத்தியரிடம் போனவர்களின் கணக்கு என்பதால், எல்லா வீடுகளுக்கும் அந்த வீதத்தை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அது காட்டும் திசை தெளிவு. வீட்டில் கடுவன் இருக்க இன்னொரு கடுவன் குட்டி கேட்கும் நம்மூர் வழக்கம், ஆபத்து அதிகமுள்ள பக்கத்தையே தேடிப் போகிறது. பெட்டையும் பெட்டையும் சேர்ந்தால் நிலைமை மேலும் சிக்கலாகலாம். அந்த 38 ஜோடிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரு பெட்டையாவது சம்பந்தப்பட்டிருந்தது. பெட்டை சாது, கடுவன்தான் சண்டைக்காரன் என்ற நம்பிக்கைக்கு வீட்டுக்குள் ஆதாரம் குறைவு. எதிர்ப்பால் ஜோடி என்பதே முதல் விதியாக இருக்கட்டும்.

“குட்டியாகக் கொண்டுவந்தால் பெரிய நாய் ஏற்றுக்கொள்ளும், வளர்ந்ததைக் கொண்டுவந்தால் கடிக்கும்.” இதுதான் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு, அதில் பாதி உண்மையும் இருக்கிறது. வளர்ந்த நாய்கள் குட்டிகளுக்குச் சலுகை கொடுப்பவை. காதைக் கடித்தாலும் வாலை இழுத்தாலும் உறுமலோடு விட்டுவிடும். ஆனால் அந்தச் சலுகைக்கு ஆயுள் சில மாதங்கள்தான். குட்டி வளர்ந்து, ஒன்று முதல் மூன்று வயதுக்குள் முழு நாயாக முதிரும்போது இடம், சாப்பாடு, எசமானின் மடி என எல்லாவற்றுக்கும் புதிதாகப் பேரம் தொடங்குகிறது. சண்டையைத் தொடக்குவது இளைய, பின்வந்த நாய் என்ற மேற்சொன்ன ஆய்வு முடிவோடு இது சரியாகப் பொருந்துகிறது. முதல் மாதத்து அமைதியை வைத்து மூன்றாம் வருடத்தைக் கணிக்க முடியாது. குட்டியின் குணத்தை வைத்தும் கணிக்க முடியாது. வியன்னாவில் பார்டர் கொலி நாய்களைப் பிறந்த சில நாட்களிலும், ஆறேழு வாரத்திலும், பின் ஒன்றரை இரண்டு வயதிலும் சோதித்துப் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, குட்டியில் கண்டவற்றில் புதிய இடத்தைத் துருவிப் பார்க்கும் சுறுசுறுப்பைத் தவிர மற்றவை வளர்ந்த நாயின் குணத்தை ஏறக்குறைய முன்னறிவிக்கவே இல்லை. மல்லாத்திப் போட்டுப் பார்த்து “இது சாது, இது முரடு” என்று குட்டி பொறுக்கும் கைவித்தை, ஆகவே, பெரும்பாலும் குருட்டு அதிர்ஷ்டம். வளர்ந்த நாயிடம் குணம் நிலைபெற்றுவிடுகிறது. கண்ணால் பார்த்தது அடுத்த வருடமும் பெருமளவு இருக்கும்.

இதோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். மேற்கு வங்காளத்தில் தெரு நாய்களைப் பின்தொடர்ந்து அனிந்திதா பத்ராவின் குழுவினர் செய்த ஆய்வில், 364 குட்டிகளில் 19 வீதமே ஏழு மாத வயதைக் கண்டன. இறப்புகளில் 63 வீதத்துக்கு வாகனம், நஞ்சு என ஏதோ ஒரு வழியில் மனிதர் காரணம். இலங்கையின் கணக்கு வேறாக இருக்கலாம். என்றாலும் கண்டி வீதியோரமோ சந்தையடியிலோ இரண்டு மூன்று வயதுவரை பிழைத்திருக்கும் ஒரு நாய், அதிர்ஷ்டம் பாதி, சாமர்த்தியம் பாதி என்று தப்பி வந்ததுதான். வாகனத்தை, கல்லெடுக்கும் கையை, இன்னொரு நாயின் வால் விறைப்பை வாசிக்க அது கற்றிருக்கிறது. இந்தப் பாடத்தை மதிலுக்குள் வளரும் குட்டிக்கு நாம் சொல்லிக்கொடுக்க முடியாது.

இனி ஜாதி நாய். காவலுக்கு ரொட்வைலர், குழந்தைகளுக்கு லப்ரடோர் என்று மேலைநாட்டுப் பட்டியல் ஒன்று இங்கும் மனப்பாடமாகிவிட்டது. 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு 18,000க்கு மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேள்வி கேட்டு, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தது. நாய்க்கு நாய் உள்ள குண வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது சுமார் 9 வீதம் மட்டுமே என்று அது சொன்னது. சொன்னபடி கேட்பது போன்ற சில குணங்களில் இனத்தின் பங்கு கொஞ்சம் கூடுதல். மற்ற நாய்களோடு ஒத்துப்போகுமா என்பதை இனப்பெயர் சொல்லித் தராது. முகம் சப்பிய பக் வகை நாய் தம்புள்ளைப் பக்க வெயிலில் மூச்சுவாங்கும் என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். விலைகொடுத்து வாங்கிய நாய்க்கு மதிப்பு அதிகம் என்ற எண்ணத்துக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை, அதற்கு மேல் இதில் பேசவும் இல்லை.

தெருவிலிருந்து வளர்ந்த நாயை எடுப்பதற்கு உண்மையான தடை விசர்நோய். 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி பரவலானதாலும், கடிபட்டவர்களுக்குச் சிகிச்சை கிடைத்ததாலும் அந்த எண்ணிக்கை மிகவும் கீழிறங்கிவிட்டது. 2006 முதல் கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்லும் முறையையும் அரசு கைவிட்டது. இருந்தும் நோய் நாட்டை விட்டுப் போகவில்லை. ஆகவே இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் இது வளர்ந்த நாய்க்கு எதிராக மட்டும் வைக்கப்படுவதுதான் கோளாறு. கோயில் வாசலிலும் விகாரை முற்றத்திலும் பெட்டியோடு விடப்படும் குட்டிக்கும் ஊசி போட்டிருக்காது. விசர் பிடித்த நாய் தாயையும் குட்டிகளையும் ஒரே நேரத்தில் கடித்திருக்கலாம். குட்டியின் பல் கீறினால் “சின்னக் குட்டிதானே” என்று கழுவாமல்கூட விடுகிறோம், பெரிய நாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். வைரஸுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இன்னொரு குழப்பமும் உண்டு: “பதினாலு நாள் கட்டிவைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, ஆகவே விசர் இல்லை.” அந்த 14 நாள் கண்காணிப்பு, கடித்த தருணத்தில் நாயின் எச்சிலில் வைரஸ் இருந்ததா என்று அறிவதற்காக. உடலுக்குள் வைரஸ் மறைந்திருக்கும் காலம் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை போகும், அதை 14 நாளில் அளக்க முடியாது. வேண்டியது இதுதான்: பழைய நாயின் ஊசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். புதிய நாயை வீட்டுக்குள் சேர்க்குமுன் ஊசி போட்டு, எதிர்ப்புச் சக்தி உருவாக மூன்று நான்கு வாரம் விட்டு, அதுவரை வாசலுக்கு வெளியே சோறு வைத்துப் பழக்க வேண்டும். வளர்ந்த நாயிடம் இந்த வெளிவாசல் காலம் சாத்தியம், ஏனென்றால் அதற்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். ஒரு மாதக் குட்டியை நான்கு வாரம் வெளியே விட்டுவைக்க முடியாது. பார்வோ வைரஸ், டிஸ்டெம்பர் இரண்டும் குட்டிகளையே அதிகம் கொல்லும் என்பதையும் கணக்கில் சேர்த்தால், நோய்ப் பயம் குட்டியின் பக்கம் நம்மைத் தள்ளக் காரணமில்லை.

எதிர்ப்பால் ஜோடி என்றதும் அடுத்த கேள்வி குட்டிகள். பெட்டை வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை பருவத்துக்கு வரும், சினையாகி 63 நாளில் ஈனும். கடுவனும் பெட்டையும் ஒரே வீட்டில் என்றால் கருத்தடைச் சத்திரசிகிச்சை தவிர்க்க முடியாதது. அதைத் தவிர்க்கத்தான் பெட்டையே வேண்டாம் என்கிறார்கள், அதனால்தான் சந்தைகளிலும் கோயில்களிலும் விடப்படுவதில் பெட்டைக் குட்டிகள் கண்ணில் அதிகம் படுகின்றன. பெட்டைக்குச் செய்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்துச் சாகும் ஆபத்தும் நீங்குகிறது. கடுவனுக்குச் செய்தால், 1976இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வின்படி, பருவ காலத்தில் ஊர் சுற்றும் பழக்கம் பத்தில் ஒன்பது நாய்களிடம் குறைந்தது. சண்டைக் குணம் அந்தளவுக்குக் குறையவில்லை. அறுத்துவிட்டால் சாந்தமாகிவிடும் என்று எண்ணி முரட்டு நாயை ஜோடிக்கு எடுக்கக் கூடாது. உள்ளூராட்சி மன்றங்களும் அரசும் நடத்தும் இலவச முகாம்கள் ஊருக்கு வரும் நாளை விசாரித்து வைத்திருப்பது செலவைக் குறைக்கும். சிக்கலான நோயென்றால் கண்டியைத் தாண்டிப் பேராதனை மிருக வைத்திய பீடத்து வைத்தியசாலை இருக்கிறது.

நக்கிள்ஸ் மலை அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் யோசனை வேண்டும். சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. மகாராஷ்டிரத்தின் அக்கோலே பகுதியில் சிறுத்தைகள் தின்ற இரையின் எடையில் 39 வீதம் நாய் என்று 2014இல் வந்த ஆய்வு காட்டியது. இரண்டு நாய் இருந்தால் சிறுத்தை அண்டாது என்பதை நம்பி இரவில் வெளியே விடுவது, ஒன்றுக்குப் பதில் இரண்டை வைத்து விளையாடுவது. அதோடு, தனியாகப் போனால் முயலைப் பார்த்துக் குரைத்துவிட்டுத் திரும்பும் நாய், துணை கிடைத்ததும் மானையும் பக்கத்து வீட்டு ஆட்டையும் துரத்தத் தொடங்கலாம். காட்டோரத்தில் இரண்டாவது நாய் என்றால், மாலை மங்கியதும் இரண்டையும் உள்ளே அடைக்க இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதல் நாயின் விருப்பத்தை எப்படி அறிவது? ரோமின் புறநகரில் சுதந்திரமாகத் திரியும் நாய்க் கூட்டங்களைப் பொனான்னி, கஃபாஸோ குழுவினர் ஆண்டுக்கணக்கில் கவனித்ததில், நாய்கள் எல்லாரோடும் ஒரே மாதிரிப் பழகுவதில்லை, சிலவற்றின் பின்னால் விரும்பிப் போகின்றன, அந்த நட்பு நிலைத்தும் இருக்கிறது என்று தெரிந்தது. நம்மூர் ஒழுங்கையிலும் அதே கண்ணோடு சில நாள் பார்த்தால் போதும். எந்த நாய் வந்தால் உங்கள் நாய் முன்காலைத் தாழ்த்தி விளையாட அழைக்கிறது, எதன் பக்கத்தில் நிழலில் படுக்கிறது, எது சோற்றுப் பக்கம் வந்தாலும் உடம்பு விறைப்பதில்லை என்பவையே பதில். ஒழுங்கையில் நட்பாக இருப்பது வீட்டுக்குள்ளும் நட்பாகவே இருக்கும் என்று ஆய்வு எதுவும் உறுதி தரவில்லை, இங்கே என் வாதம் ஒரு படி தாவுகிறது. வீட்டுக்குள் வந்ததும் காக்க வேண்டிய பொருள்கள் மாறுகின்றன. அதனால்தான் சோற்றை எப்போதும் தனித்தனி இடத்தில், ஒன்றையொன்று பார்க்காதபடி வைப்பதும், முதல் வாரங்களில் வீட்டு வாசலைவிட ஒழுங்கையிலேயே இரண்டையும் சேர்த்து நடத்துவதும். ஒற்றை அறை லயத்தில் இரண்டு சட்டியைப் பிரித்து வைக்க ஒன்று முன்வாசலிலும் ஒன்று பின்பக்கத்திலுமாகத்தான் முடியும். அந்த வசதியும் இல்லாத வீட்டிலும், பழைய நாய் மூட்டுவலியோடு எழும்பச் சிரமப்படும் வயதில் இருந்தாலும், இரண்டாவது நாயை வீட்டுக்குள் எடுக்காமல் ஒழுங்கையிலேயே சோறு போட்டு ஊசியும் போட்டு வைத்துக்கொள்வது இரண்டுக்கும் நல்லது.